315 ரூபாயா, இருபத்தாறேகால் ரூபாயா?
ஓர் உயிரித் தொழில்நுட்ப நிறுவனப் பங்கின் பழைய விலைகளைப் படிக்கும் முறை

2024ஆம் ஆண்டுக் கோடையில், எங்கள் பெங்களூருக் கிளைக்கு எழுபது வயதை நெருங்கிய அம்மையார் ஒருவர் வந்தார். நெடுநாள் வாடிக்கையாளர். கணவர் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்று, அண்மையில் காலமானவர். அம்மையாரின் கையில் நீலநிற அட்டையிட்ட ஒரு குறிப்பேடு இருந்தது. வீட்டு வரி, காப்பீட்டுத் தவணை, வைப்புத்தொகையின் முதிர்வு நாள் ஆகியவற்றுக்கு நடுவே கணவரின் கையெழுத்தில் ஒரு வரி: பயோகான், 20 பங்கு, 315 ரூபாய், 2004. பங்குகளை மனைவியின் பெயரிலேயே விண்ணப்பித்து வாங்கியிருக்கிறார்.

"இருபது வருஷம் ஆச்சு சார். 315க்கு வாங்கினது இன்னைக்கு 300 ரூபாய்னு பேப்பர்ல போட்டிருக்கு. பேரன் போன்ல பாத்தா, 2004லயே அந்தப் பங்கு முப்பது நாற்பது ரூபாய்தான்னு காட்டுது. அப்படின்னா இவர்கிட்ட அந்தத் தரகர் பத்து மடங்கு வாங்கிட்டாரா? இவருக்குத் தெரியாமலா போச்சு?"

கேள்வியில் இருந்தது பணக்கவலை மட்டுமன்று. கணக்கில் கெட்டிக்காரர் என்று நாற்பது ஆண்டுகளாகத் தாம் நம்பிய ஒருவர் ஏமாந்துபோனாரா என்பதே அவருடைய உண்மையான ஐயம். குடும்பத்துக்குப் பழக்கமான அந்தத் தரகரின்மீதும் வீணாக ஒரு பழி விழுந்திருந்தது.

குறிப்பேடு சொன்னதும் உண்மை, கைபேசி காட்டியதும் உண்மை. ஒரே பங்குக்கு ஒரே ஆண்டில் இரண்டு விலைகள் எவ்வாறு உண்மையாகும் என்பதை அன்று அவருக்கு விளக்க ஏறத்தாழ அரைமணி நேரம் ஆயிற்று. அதையே சற்று விரித்து நம் இதழின் வாசகர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது. இக்கட்டுரையில் பயோகானை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அந்தக் குறிப்பேட்டில் அதன் பெயர் இருந்ததும், அதன் விலை வரலாறு பாடம் சொல்வதற்கு ஏற்றதாக இருப்பதும்தான். அந்தப் பங்கை வாங்குமாறோ விற்குமாறோ கூறும் நோக்கம் எமக்கு இல்லை.

இருபது பங்குகள் எங்கே போயின?

பயோகான் நிறுவனம் 1978இல் பெங்களூரில் கிரண் மஜும்தார் ஷாவால் ஒரு வாடகைக் கார் கொட்டகையில் தொடங்கப்பட்டது. பப்பாளியிலிருந்து பப்பாயின் என்னும் நொதியத்தைப் பிரித்தெடுப்பது அதன் தொடக்க காலத் தொழில்களில் ஒன்று. பின்னர் வளர்ந்து, 2004ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பொதுமக்களுக்குப் பங்குகளை வெளியிட்டது. ஐந்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கு ஒன்றின் விலை 315 ரூபாய் என்று முடிவாயிற்று. விண்ணப்பங்கள் வெளியீட்டு அளவைப்போல முப்பது மடங்குக்கு மேல் குவிந்தன. ஏப்ரல் 7ஆம் நாள் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் நாளிலேயே நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு நூறு கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. அந்த நெரிசலில் இருபது பங்குகள் ஒதுக்கீடாகக் கிடைத்ததே பேறு என்று அந்தப் பெரியவர் எண்ணியிருக்கக்கூடும்.

அதன் பின்னர் அந்நிறுவனம் மூன்று முறை போனஸ் பங்குகள் வழங்கியுள்ளது. 2008இல் ஒன்றுக்கு ஒன்று. 2017இல் ஒன்றுக்கு இரண்டு. 2019இல் மீண்டும் ஒன்றுக்கு ஒன்று. இருபது பங்குகள் முதலில் நாற்பதாயின. அந்த நாற்பதோடு எண்பது சேர்ந்து நூற்றிருபதாயின. அந்த நூற்றிருபது 2019இல் இருநூற்று நாற்பதாயின. இவற்றில் எதற்கும் விண்ணப்பம் கிடையாது, பணமும் கிடையாது. போனஸ் பங்குகள் டீமேட் கணக்கில் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். பெரியவர் தம் குறிப்பேட்டில் அவற்றை எழுதாமல் விட்டிருந்தார், அவ்வளவே. அம்மையாரிடம் டீமேட் கணக்கறிக்கையைக் கேட்டேன். தபாலில் வந்த உறை பிரிக்கப்படாமலே இருந்தது. பிரித்துப் பார்த்தபோது 240 என்றிருந்தது.

போனஸ் பங்கு வழங்கும்போது நிறுவனத்தின் கருவூலத்துக்குப் புதிதாக ஒரு காசும் வருவதில்லை, வெளியே போவதும் இல்லை. ஒரு தோசையை நான்காக வெட்டினாலும் எட்டாக வெட்டினாலும் தோசை ஒன்றுதானே! ஆகவே ஒன்றுக்கு இரண்டு போனஸ் கொடுத்தால், அதற்குரிய நாளில் பங்கின் விலை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக இறங்கும். 900 ரூபாய்க்கு விற்ற பங்கு 300 ரூபாயை ஒட்டித் தொடங்கும். இதை அறியாதவர்கள் அன்று காலையில் விலையைப் பார்த்துப் பதறிப்போய்த் தரகரைத் தொலைபேசியில் அழைப்பது ஒவ்வொரு போனஸின்போதும் நடப்பது.

இப்படி இறங்கியதை அப்படியே வரைபடத்தில் வரைந்தால், நிறுவனத்துக்கு அன்று பேரிழப்பு ஏற்பட்டதுபோலத் தோன்றும். அந்தத் தவறான தோற்றம் கூடாது என்பதற்காக, விலை வரைபடங்களைத் தரும் இணையத்தளங்களும் செயலிகளும் போனஸுக்கு முந்தைய பழைய விலைகளையெல்லாம் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டுகின்றன. இதற்குச் 'சீர்செய்த விலை' என்று பெயர் வைத்துக்கொள்வோம். 2004இல் வாங்கிய ஒரு பங்கு இன்று பன்னிரண்டு பங்குகளாகிவிட்டது. எனவே 315ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 26 ரூபாய் 25 காசு. அந்தப் பெரியவர் ஒரு பங்குக்குக் கொடுத்தது 315 ரூபாய். இன்றைய ஒரு பங்குக்கு அவர் கொடுத்ததாகக் கணக்காவது இருபத்தாறேகால் ரூபாய். பேரனின் கைபேசி காட்டிய முப்பது நாற்பது, பங்கு பட்டியலிடப்பட்ட பின் நடந்த வணிகத்தின் சீர்செய்த விலை.

தரகர் குற்றமற்றவர். பெரியவரும் ஏமாறவில்லை. 6,300 ரூபாய் முதலீடு, 300 ரூபாய் விலையில் 72,000 ரூபாயாக நின்றது. இடையில் வந்த ஈவுத்தொகைகள் இதில் சேரவில்லை. இருபது ஆண்டுகளில் பதினொன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 13 விழுக்காட்டுக் கூட்டு வளர்ச்சி. அதே 6,300 ரூபாயை ஆண்டுக்கு 7 விழுக்காட்டில் மறுமுதலீடு செய்துவந்திருந்தால் இருபது ஆண்டுகளில் 24,400 ரூபாயை ஒட்டி வந்திருக்கும். வங்கி அதிகாரியாகிய நான் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது.

தொடங்கும் நாளும் முடியும் நாளும்

இருபது ஆண்டு வளர்ச்சியை இரண்டே நாள்களின் விலையைக் கொண்டு சொன்னேன். நடுவில் நடந்ததை அது மறைத்துவிடுகிறது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உலகப் பொருளாதார நெருக்கடியின்போது, முதல் போனஸையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அந்தப் பங்கு வெளியீட்டு விலைக்குக் கீழேதான் விற்றது. ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவருக்கு இழப்பு! வைப்புத்தொகையில் போட்ட பக்கத்து வீட்டுக்காரர் அன்று நிம்மதியாக உறங்கியிருப்பார்.

2020 இறுதியில் பங்கின் விலை 450 ரூபாயைக் கடந்தது. அப்போது வாங்கியவர் 2023 மார்ச்சில் தம் பங்கு 250 ரூபாய்க்கும் கீழே இறங்கியதைக் கண்டார். நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட சரிவு. 450லிருந்து 250க்கு இறங்குவது 44 விழுக்காட்டு வீழ்ச்சி என்றால், 250லிருந்து மீண்டும் 450க்கு ஏற 80 விழுக்காடு உயர வேண்டும். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் ஒரே விழுக்காடு போதாது என்னும் இந்த எளிய கணக்கை வணிகவியல் படித்தவர்களே சில வேளை மறந்துவிடுகிறார்கள்.

ஒரே நிறுவனம், ஒரே வரைபடம். ஒருவருக்குப் பதினொரு மடங்கு, இன்னொருவருக்குப் பாதிக்குச் சற்றே மேல். இதனால்தான் யாராவது ஒரு பங்கின் வளர்ச்சியைப் பெருமையாகச் சொல்லும்போது, 'எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை?' என்று கேட்க வேண்டும். விற்பவர்கள் எப்போதும் பள்ளத்தில் தொடங்கி மேட்டில் முடிக்கிறார்கள்.

பழைய விலைகளைக் கொண்டு நாளைய விலையைக் கணிக்க முயல்வதைவிட, என் கருத்தில், இந்தச் சரிவுகளை அளந்து பார்ப்பதே அவற்றின் தலையாய பயன். உச்சியிலிருந்து எவ்வளவு இறங்கியது, மீண்டும் பழைய உச்சியை அடைய எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: என் ஒரு லட்சம் ரூபாய் அறுபதாயிரத்துக்கும் கீழே இறங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே கிடந்தால், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக நான் அதை விற்க நேருமா? விற்க நேரும் என்றால், அந்தப் பணம் அங்கே இருக்க வேண்டிய பணம் அன்று.

வரைபடத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். சாதாரண வரைபடத்தில் 26 ரூபாய் 52 ஆனது தரையோடு தரையாகத் தெரியும். 300 ரூபாய் 400 ஆனதோ மலைபோல் எழுந்து நிற்கும். ஆனால் முன்னது இரட்டிப்பு, பின்னது மூன்றில் ஒரு பங்கு உயர்வு. பெரும்பாலான செயலிகளில் 'லாக்' அளவுகோல் என்று ஒரு தேர்வு உண்டு. நீண்டகால விலைகளைப் பார்க்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தால், சம விழுக்காட்டு மாற்றங்கள் சம உயரத்தில் தெரியும்.

மருந்து வருமுன்னே விலை வரும்

உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தின் விலை வரலாறு, சிமென்டு நிறுவனத்தின் விலை வரலாற்றைப்போல் இருப்பதில்லை. சிமென்டு இந்த மாதம் எவ்வளவு விற்றது என்று மாதந்தோறும் தெரியும். ஒரு புதிய உயிரிமருந்துக்கோ பல ஆண்டு ஆய்வு, நோயாளிகளிடம் சோதனை, ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி என்னும் நெடும்பாதை உண்டு. அந்தப் பாதையில் ஒரே நாளில் வரும் ஒரு செய்தி, பல ஆண்டு வருமான எதிர்பார்ப்பை ஆக்கும் அல்லது அழிக்கும். விலை படிக்கட்டில் ஏறாமல் தாவுகிறது, சரியும்போதும் அப்படியே.

எடுத்துக்காட்டு ஒன்று. மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்துக்கு இணையான 'பயோசிமிலர்' மருந்தைப் பயோகானும் அமெரிக்காவின் மைலான் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. ஒகிவ்ரி என்னும் பெயருடைய அம்மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 டிசம்பர் 1ஆம் நாள் அனுமதி அளித்தது. அம்மருந்துக்கு அந்நாட்டில் அனுமதி பெற்ற முதல் பயோசிமிலர் அதுவே. செய்தி வந்ததும் பங்கின் விலை உயர்ந்தது. ஆனால் மூல மருந்தின் நிறுவனத்தோடு செய்துகொண்ட காப்புரிமை உடன்பாடு காரணமாக, மருந்து அமெரிக்கச் சந்தைக்கு விற்பனைக்கு வந்தது 2019 டிசம்பரில். விலை உயர்வுக்கும் விற்பனைத் தொடக்கத்துக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள். செய்தி நாளில் வாங்கியவர், இரண்டு ஆண்டு வருமானத்துக்கு முன்பணம் கொடுத்தவராகிறார். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில்தான் 2019ஆம் ஆண்டுப் போனஸும் வருகிறது என்பதைக் கவனியுங்கள். சீர்செய்யாத விலைகளை வைத்துக்கொண்டு 2017ஐயும் 2019ஐயும் ஒப்பிட்டால், மருந்து சந்தைக்கு வந்தபோது பங்கின் விலை பாதியாகிவிட்டதுபோன்ற அபத்தமான முடிவுக்கு வருவோம்.

இன்னொன்று, நேர்மாறானது. 2021 ஜூலையில் செம்கிளீ என்னும் இன்சுலினுக்கு, மருந்துக் கடைக்காரரே மூல மருந்துக்கு மாற்றாகக் கொடுக்கலாம் என்னும் தகுதியை அமெரிக்க அமைப்பு வழங்கியது. இன்சுலின் பயோசிமிலர்களில் அத்தகுதி பெற்றது அதுவே முதல் முறை. நல்ல செய்திதான். ஆயினும் அவ்வாண்டின் இறுதியில் பங்கின் விலை ஜூலையில் இருந்ததைவிடக் கீழேயே இருந்தது. நல்ல செய்தி வந்தால் விலை ஏறும் என்பது பாதி உண்மை. சந்தை முன்பே எதிர்பார்த்துவிட்ட நல்ல செய்திக்கு விலையில் புதிதாக இடம் இருப்பதில்லை.

2022 பிப்ரவரி 28ஆம் நாள், மைலானை உள்ளடக்கிய வியாட்ரிஸ் நிறுவனத்தின் பயோசிமிலர் தொழிலை 333 கோடி டாலர் வரையிலான விலைக்கு வாங்கப்போவதாகப் பயோகானின் துணை நிறுவனம் அறிவித்தது. நிறுவனத்தின் வீச்சை ஒரே அடியாகப் பெரிதாக்கிய ஒப்பந்தம் அது. அன்றே பங்கின் விலை இறங்கியது. உக்ரைன் போர் தொடங்கிய வாரம் என்பதால் சந்தை முழுவதுமே கலங்கியிருந்தது. ஆகவே அந்த இறக்கத்தில் எவ்வளவு போரினால், எவ்வளவு ஒப்பந்தத்தின் கடன் சுமை பற்றிய அச்சத்தினால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. பங்கின் விலைக்கு அருகிலேயே நிஃப்டி குறியீட்டின் அதே நாள் மாற்றத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான், ஓரளவுக்கு, நிறுவனத்துக்கே உரியது.

ஆகவே விலைகளை மட்டும் தனியே பார்ப்பது, நாள் குறிக்காத வங்கிப் பதிவேட்டைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முக்கிய நிகழ்வுகளைப் பங்குச்சந்தைகளுக்கு உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும் என்பது செபியின் விதி. அந்த அறிவிப்புகள் தேசியப் பங்குச்சந்தை, மும்பைப் பங்குச்சந்தை ஆகியவற்றின் இணையத்தளங்களில் நிறுவன வாரியாகக் கிடைக்கின்றன. பெரிய ஏற்ற இறக்க நாள்களைக் குறித்துக்கொண்டு, அதே நாளின் அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். பத்து நாள்களை இப்படிப் பார்த்தாலே, அந்த நிறுவனத்தின் விலையை எவை அசைக்கின்றன என்பது விளங்கிவிடும். வணிகமான பங்குகளின் எண்ணிக்கையையும், அதில் எத்தனை உண்மையில் கைமாறி ஒப்படைக்கப்பட்டன என்பதையும் பார்ப்பது நல்லது. விலை தாவிய நாளில் ஒப்படைப்பு மிகக் குறைவாக இருந்தால், அது பெரும்பாலும் அன்றே வாங்கி அன்றே விற்றவர்களின் ஆரவாரம்.

இதில் ஒரு வேடிக்கை. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட தடுப்பூசி நிறுவனங்களான பாரத் பயோடெக்குக்கும் சீரம் இன்ஸ்டிட்யூட்டுக்கும் பழைய பங்கு விலை என்றே ஒன்று கிடையாது. அவை பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத தனியார் நிறுவனங்கள். அவற்றின் 'பங்கு விலை வரலாறு' என்று யாராவது உங்கள் வாட்ஸாப்பில் அனுப்பினால், அனுப்பியவரிடம் விலகியிருங்கள்.

வரைபடம் சீர்செய்யாத மாற்றம்

போனஸையும் முகமதிப்புப் பிரிப்பையும் வரைபடங்கள் சீர்செய்துவிடுகின்றன. ஈவுத்தொகையைச் சில தளங்கள் கணக்கில் சேர்க்கின்றன, பல சேர்ப்பதில்லை. ஒரே பங்குக்கு இரண்டு தளங்கள் வெவ்வேறு பழைய விலை காட்டினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நிறுவனம் புதிய பங்குகளைப் பணத்துக்கு விற்றால், அதை வரைபடங்கள் பொதுவாகச் சீர்செய்வதில்லை.

2025 ஜூனில் பயோகான், தகுதிபெற்ற பெரு முதலீட்டாளர்களுக்குப் பங்கு ஒன்று 330 ரூபாய் வீதம் புதிய பங்குகளை விற்று 4,500 கோடி ரூபாய் திரட்டியது. 4,500 கோடியை 330ஆல் வகுத்தால் பதின்மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பங்குகள். அதற்கு முன் இருந்த பங்குகளோ 120 கோடி. இம்முறை தோசையை வெறுமனே வெட்டவில்லை. மாவும் சேர்ந்திருக்கிறது, பந்தியில் ஆள்களும் கூடியிருக்கிறார்கள். பழைய பங்குதாரரின் பங்களிப்பு விகிதம் குறைகிறது, நிறுவனத்தின் கையிருப்பு கூடுகிறது. ஆகவே 2018இல் சீர்செய்த 300 ரூபாயும் இன்றைய 300 ரூபாயும் நிறுவனம் முழுவதற்கும் ஒரே மதிப்பைக் குறிப்பவை அல்ல. பங்கின் விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

வருமான வரிக்கு எந்த விலை?

அம்மையார் சில பங்குகளை விற்க எண்ணினார். அங்கேதான் பழைய விலை வெறும் வரலாறாக இல்லாமல் ரூபாய்க் கணக்காக மாறுகிறது.

பட்டியலிடப்பட்ட பங்குகளைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்து சந்தையில் விற்றால், அது நீண்டகால மூலதன ஆதாயம். 2018க்கு முன் அதற்கு வரிவிலக்கு இருந்தது. அவ்வாண்டின் நிதிச் சட்டம் விலக்கை நீக்கியபோது, 2018 ஜனவரி 31 வரை சேர்ந்த ஆதாயத்துக்கு மட்டும் காப்பு அளித்தது. அந்த நாளில் பங்குச்சந்தையில் நடந்த அதிகபட்ச விலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதையும் விற்கும் விலையையும் ஒப்பிட்டுக் குறைந்ததைக் கொள்ள வேண்டும். பின் அதையும் உண்மையில் வாங்கிய விலையையும் ஒப்பிட்டு அதிகமானதை அடக்கவிலையாகக் கொள்ள வேண்டும். தற்போது ஓர் ஆண்டில் ஒன்றேகால் லட்சம் ரூபாய் வரையிலான இத்தகைய ஆதாயத்துக்கு வரியில்லை. அதற்கு மேற்பட்டதற்கு 12.5 விழுக்காடு.

இப்போது 240 பங்குகளையும் பிரிக்க வேண்டும். 2018 ஜனவரி 31 அன்று அம்மையாரின் கணக்கில் இருந்தவை 120. எஞ்சிய 120, 2019இல் வந்த போனஸ். அந்தப் பிற்பட்ட 120 பங்குகளுக்கு அடக்கவிலை சுழியம். சட்டத்தின் கண்ணில் அவை இலவசம்.

கணக்குக்காக, 2018 ஜனவரி 31 அன்றைய அதிகபட்ச விலை 600 ரூபாய் என்றும், இப்போது விற்கும் விலை 400 ரூபாய் என்றும் கொள்வோம். முதல் 120 பங்குகளுக்கு 600, 400 இரண்டில் குறைந்தது 400. அது வாங்கிய விலையான 315ஐவிட அதிகம். ஆகவே அடக்கவிலை 400, ஆதாயம் ஒன்றுமில்லை. பிந்தைய 120 பங்குகளுக்கு ஆதாயம் 48,000 ரூபாய். வேறு ஆதாயம் இல்லாவிட்டால் இதுவும் வரம்புக்குள் அடங்கிவிடும்.

இனித் தவறு நடக்கும் இடத்தைப் பாருங்கள். பேரன் கைபேசியில் அதே நாளின் விலையைத் தேடினால், 2019 போனஸுக்காகச் சீர்செய்யப்பட்டு 300 ரூபாய் என்று காட்டும். அந்த 300ஐ முதல் 120 பங்குகளுக்குப் போட்டால், 315 என்னும் கொள்முதல் விலையுள்ள இருபது பங்குகள் நீங்கலாக மற்றவற்றுக்குப் பங்கு ஒன்றுக்கு நூறு ரூபாய் ஆதாயம் இருப்பதாகக் கணக்காகும். இல்லாத ஆதாயத்துக்குக் கணக்கு! எதிர்த்திசைத் தவறும் உண்டு. 240 பங்குகளுக்கும் 600 ரூபாயைப் போட்டு ஆதாயமே இல்லை என்று கணக்குக் காட்டுவது. இது பின்னால் வருமான வரித்துறையிலிருந்து அறிவிப்பு வரவழைக்கும் தவறு. இருபத்தாறேகால் ரூபாயை அடக்கவிலையாக எழுதுவதும் பிழையே. வளர்ச்சியைப் புரிந்துகொள்ளச் சீர்செய்த விலை, வரிக்கு அன்றன்றைய உண்மை விலை என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

டீமேட் கணக்கிலிருந்து விற்கும்போது முதலில் வந்த பங்கே முதலில் வெளியேறியதாகக் கொள்ளப்படும். ஆகவே அம்மையார் நூறு பங்குகளை விற்றால், அவை 2018க்கு முற்பட்ட 120 பங்குகளில் நூறாகவே கருதப்படும்.

அன்றன்றைய உண்மை விலை வேண்டுவோர் இரு பங்குச்சந்தைகளின் இணையத்தளங்களிலும் உள்ள பழைய விலைப் பகுதிக்குச் செல்லலாம். நிறுவனத்தின் பெயரையும் தேதியையும் கொடுத்தால் தொடக்க விலை, அதிகபட்சம், குறைந்தபட்சம், நிறைவு விலை, வணிக அளவு ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கும். ஒவ்வொரு நாளின் முழு விலைப்பட்டியலான 'பாவ் காப்பி'யையும் பதிவிறக்கிக்கொள்ளலாம். இங்கே காட்டப்படும் நிறைவு விலை அன்றைய கடைசி வணிகத்தின் விலை என்று எண்ணிவிட வேண்டாம். கடைசி அரைமணி நேர வணிகங்களின் எடையிட்ட சராசரியை நிறைவு விலையாகக் கொள்வது நம் சந்தைகளில் நெடுநாள் வழக்கம். இரு சந்தைகளிலும் பைசா அளவில் வேறுபாடு இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் தேடிக்கொண்டிராமல், 2018 ஜனவரி 31ஆம் நாளின் விலைப் பக்கத்தை இப்போதே அச்செடுத்துப் பங்குக் கோப்பில் வைத்துவிடுவது வசதி. அம்மையாருக்கும் அப்படி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அன்று எதையும் விற்கவில்லை. என் பேனாவை வாங்கி, கணவரின் வரிக்குக் கீழே 2008 என்று எழுதி 40, 2017 என்று எழுதி 120, 2019 என்று எழுதி 240 எனப் பதிந்தார். டீமேட் கணக்கில் நியமனதாரர் பெயர் இன்னும் கணவருடையதாகவே இருந்தது. அதை மகளின் பெயருக்கு மாற்றுவதற்கான படிவத்தை நிரப்பினோம்.

எழுந்தவர் மீண்டும் அமர்ந்து குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே இன்னொரு நிறுவனத்தின் பெயர், 100 பங்கு, 1995 என்றிருந்தது. இரண்டு சந்தைகளின் பட்டியலிலும் தேடினேன். அந்தப் பெயரே இல்லை. பெயர் மாறியதா, வேறொன்றோடு இணைந்ததா, பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் காகிதச் சான்றிதழ் இருக்கிறதா என்று தேடி எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வருமாறு சொன்னேன்.